விதைப்பூண்டு லேகியம்

பூண்டி,
பங்குனி, புதன்கிழமை.

என் மகள் தேவசேனாவுக்கு அப்பா நல்லுசாமி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடு, போன வாரம் அது ஈன்ற கன்று எல்லாரும் உடம்பளவில் சுகம். மனசு எப்படி என்பதைப் போகப் போக எழுதுகிறேன். அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளை ராஜேஷ்குமாரும் குளிர் காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று பழநி ஆண்டவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

போனில் பேச வேண்டியதை இந்த மனுசன் ஏன் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாய். நேற்று கொடைக்கானல் ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் போன் போட்டபோது நீ ஒன்று சொன்னாயே, அதற்குப் பதில் சொல்லாமல் சரிம்மா பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை. பதில் வரவில்லை என்பதுதான் உண்மை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்று பார்த்தால் என் விரல் தடிமனுக்கு ஒரு எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து வருகிறது, போன தடவை உன் சித்தப்பாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்கப் போய் அது வேறு ஏதோ ஆகி அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து ஸ்பீக்கரில் போடுங்க என்பாள். அதோடு டாக்டரம்மா உன்னிடம் சொல்லச் சொன்ன சில விஷயங்களை ஒரு அப்பன் மகளிடம் வாயால் சொல்வதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நானும் பள்ளிக்கூடம் என்னையும் விட்டுவிட்டாலும் எழுதினால் நான் நினைப்பது வரிசையாக வரும் என்று ஒரு தைரியம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று நடந்ததில் உன் பக்கத்துப் பாதிதான் உனக்குத் தெரியும். இங்கே நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் ஏன் அப்படிப் பதறினேன் என்பது புரியும். போன ஆவணியில், உனக்கு ஐந்தாம் மாதம் நடக்கையில், ஸ்கேனில் பிள்ளைக்கு மண்டை ஓடு உருவாகவே இல்லை, பிறந்தாலும் நிலைக்காது என்று அங்கே டாக்டர்கள் சொல்லி, நீயும் மாப்பிள்ளையும் யோசித்துக் கருவைக் கலைத்தீர்கள். அன்றைக்கு உன் அம்மா போனில் உன்னைக் கேட்ட வார்த்தை உனக்கு மறந்திருக்காது. முருகன் குடுத்ததைக் கலைக்க நீ யாருடி என்று கேட்டாள். அதற்கப்புறம் நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்பதைத் தாண்டிப் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஆறின பிறகு தன் பேச்சை நினைத்து நினைத்துக் குமைந்ததை நான் இங்கே கண்ணால் பார்த்தேன், உனக்கு அது தெரிய வழியில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவள் பிறந்த வீட்டிலேயே கிடையாது. முப்பது வருசத்தில் என்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறாள், அதுவும் இருட்டில் என் காலை மிதித்துவிட்டு, மாடு என்று நினைத்துவிட்டேன் என்று. ஆகவே தைப்பூசத்துக்கு மாலை போட்டுக்கொண்டு பழநிக்கு நடந்தாள். முட்டி வலியோடு நடந்தாள். அங்கே என்ன வேண்டினாள் என்று கேட்டதற்கு என் சோலியைப் பார்க்கச் சொன்னாள்.

அவள் நடக்கப் போயிருந்த நாட்களில்தான் நான் என் சோலியைப் பார்த்தேன். நம் வீட்டுப் பரணில் விதைப்பூண்டு கட்டித் தொங்குவது உனக்குத் தெரியும், தலை தலையாகப் பெரிசாக இருப்பதைத்தான் விதைக்கு ஒதுக்குவோம். முன்னெல்லாம் கீழே விறகடுப்புப் புகை ஏறி ஏறிப் பூச்சி அண்டாது. கேஸ் அடுப்பு வந்ததிலிருந்து பரணுக்குப் புகை போவதில்லை, இந்த வருசம் புழு விழ ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னாரென்று கடையில் ஒரு பவுடர் வாங்கிவந்து மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பரண் முழுக்கத் தூவினேன். விதைக்குத்தானே, யார் தின்னப் போகிறார்கள் என்று நினைத்தேன். உன் அம்மா திரும்பி வந்தபோது சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, ஏனென்றால் விதைப்பூண்டை எடுத்துச் சமைக்கிற வீடு இந்தப் பூண்டியில் கிடையாது. பட்டினி கிடந்தாலும் விதையில் கை வைக்க மாட்டார்கள்.

உன் அம்மா கை வைத்துவிட்டாள். போன மாதம் நீ டாக்டரிடம் போய்விட்டு வந்து, அடுத்த பிள்ளைக்கு இனித் தடையில்லையாம், ஆனால் அதற்கு முன்னாலேயே மாத்திரை தொடங்க வேண்டுமாம், ரத்தத்தில் சர்க்கரை தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டுமாம் என்று சொன்னாய் அல்லவா. அன்றைக்குச் சாயங்காலமே அவள் பரணில் ஏறிவிட்டாள். பூண்டைப் பாலில் வேகவைத்து மசித்து, கருப்பட்டியும் நெய்யும் ஊற்றிக் கிளறி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மாதிரியே லேகியம் செய்து, பெற்றவளுக்கு ஆகிறது பெறப் போகிறவளுக்கும் ஆகும் என்று அவளே ஒரு வைத்தியம் முடிவு செய்துகொண்டாள். நான் காட்டில் கேரட்டுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து பார்க்கும்போது எவர்சில்வர் டப்பா நிறைய உருண்டை. நம்ம பெருமாள்மலைச் செல்வமுருகன் தன் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவன் புனேவுக்கே திரும்புகிறான் என்று அவன் கையில் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒரு உருண்டை கூடத் தரவில்லை, உங்களுக்கு எதுக்குக் கர்ப்பப்பைக்கு மருந்து என்றாள். தந்திருந்தால் அப்போதே வாசனை தெரிந்திருக்குமோ என்னவோ.

இந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுமாடு வந்து கீழ்ப்பாத்தியை மிதித்துவிட்டுப் போனது. மறுபடி ஊன்றுவதற்கு விதை போதுமா என்று பார்க்க நான் பரணில் ஏறினேன். நடுவில் கட்டித் தொங்கவிட்டிருந்த பெரிய பூண்டு எல்லாவற்றையும் காணோம். எலி தூக்கிக்கொண்டு போகிற அளவு இல்லை. உன் அம்மாவைக் கேட்டேன். அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "பெத்த பிள்ளைக்குச் செய்யும்போது சின்னப் பூண்டா போடுவாக? பெருசு பெருசாப் பாத்து நாந்தான் எடுத்தேன்" என்றாள். நான் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பவுடர் தூவினதைச் சொன்னேன். அவள் முகத்தை நான் எழுதவில்லை.

அந்த நிமிசத்தில் உனக்குப் போன் போட்டது ஞாபகம் இருக்கும். உன் அம்மா பக்கத்தில் நின்றாள், ஸ்பீக்கரில்தான் இருந்தது. லேகியம் சாப்பிடுகிறாயா என்று நான் எப்படியோ சாதாரணமாகக் கேட்டேன், அதற்குள் பயமுறுத்த வேண்டாம் என்று. நீயும் சாதாரணமாகத்தான் சொன்னாய், தினம் காலையில் ஒரு உருண்டை சாப்பிடுறேன்ப்பா, நல்லாருக்கு, அம்மாகிட்டச் சொல்லுங்க என்று. இனிமேல் சாப்பிடாதே, அதில் பூச்சிமருந்து கலந்துவிட்டது என்று நான் கத்தினேன், பாதியில் சிக்னல் போய்விட்டது. கோயில் மேட்டுக்கு ஓடிப்போய் மறுபடி போட்டபோது நீ சரிப்பா நிறுத்திடுறேன், எனக்கு ஒண்ணும் பண்ணல என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் குரலில் பதற்றமே இல்லை. அதுவே எனக்குப் பதற்றமாக இருந்தது. திங்கட்கிழமை பூராவும் உன் அம்மா சமைக்கவில்லை. நான் சமைத்தேன். அதனால் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொடைக்கானல் போனேன். பவுடர் பாக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அங்கே போனால் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாளாம். வரிசை முழுக்க வயிறும் பையுமாகப் பெண்பிள்ளைகள், நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஒருத்தன். நர்ஸ் யாருக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். மகளுக்கு என்றேன். மகள் எங்கே என்றார்கள். புனேயில் என்றேன். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடைசியில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளை, பாண்டீஸ்வரியாம், பெருமாள்மலையிலிருந்து வந்திருந்தாள், நிறைமாசம், மூச்சு வாங்குகிறது, ஆனால் வாய் மட்டும் சும்மா இல்லை. "என்ன பெரியப்பா, ஒங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்றாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. "இருவத்தேழு வருசமாச்சு தாயீ, இன்னும் எறக்கி வைக்க முடியல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தேன். அந்தப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டது போல, அதற்கப்புறம் ஒன்றும் கேட்காமல் என்னைத் தனக்கு முன்னால் போகச் சொல்லிவிட்டது.

டாக்டரம்மா உன் வயசுதான் இருப்பார்கள். நான் பாக்கெட்டை மேசையில் வைத்தேன். அதில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார்கள், யாருக்கோ போன் பண்ணிக் கேட்டார்கள். பூண்டைத் தோல் உரித்து வேகவைத்ததால் முக்கால்வாசி போயிருக்கும், பெரிய ஆபத்து என்று தோன்றவில்லை, ஆனால் பிள்ளைக்குத் தயாராகிற பெண் இதை ஒரு துளி கூடச் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டதைப் பரவாயில்லை என்றும் தன்னால் சொல்ல முடியாது என்றார்கள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். எவ்வளவு சாப்பிட்டாள். வாந்தி தலைசுற்றல் இருக்கிறதா. மாத்திரை போடுகிறாளா. மாதாமாதம் குளிக்கிறதில் கடைசியாக எப்போது குளித்தாள். இப்போதே கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருக்கிறதா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் முன்னால் நின்ற மாதிரியே நின்றேன். வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் நின்றுதான் கேட்டோம், நல்லா இருக்கேன்னு சொல்லுதுங்க என்றேன். அதற்கு அவர்கள், "ஐயா, பக்கத்துல யாரும் இல்லாதப்ப கேளுங்க. எல்லாரும் நிக்கும்போது பொண்ணுங்க நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க" என்றார்கள்.

அதனால்தான் வாசலுக்கு வந்து உனக்குப் போட்டேன். அம்மா இல்லை, ஸ்பீக்கர் இல்லை, நான் மட்டும்தான் என்று முதலிலேயே சொன்னேன். நீ எங்கேயோ போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாய். "நான் ஒரு உருண்டை கூடத் திங்கலப்பா. வந்த அன்னிக்கே டப்பாவோட குப்பையில போட்டுட்டேன்." எனக்கு அந்த இடத்திலேயே மலைப்பாதையில் உருண்ட வண்டி மரத்தில் சாய்ந்து நின்ற மாதிரி இருந்தது. முருகா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ அடுத்ததைச் சொன்னாய். "மாத்திரையும் போடலப்பா. இன்னொண்ணு வேணுமான்னே எனக்குத் தெரியல. ஆனா எல்லார்கிட்டயும் சரின்னுட்டேன். அவருகிட்டயும்." இதற்குத்தான் நான் பஸ் வந்துவிட்டது என்றேன்.

பஸ் வராததால் உள்ளே திரும்பிப் போனேன். பெரியப்பா மறுபடியும் வந்துட்டாரு என்று வரிசையில் குரல் கேட்டது. டாக்டரம்மாவிடம் நீ சொன்னதை அப்படியே சொன்னேன், உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபப்படாதே, பெயரைச் சொல்லவில்லை. பவுடர் விஷயத்தில் நிம்மதி என்றார்கள். ஆனால் அடுத்ததைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். பாக்கெட்டைப் பார்த்தபோது கூட அவர்கள் அப்படி முகம் மாறவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் மூன்று நாளாகத் தப்பான இடத்தில் பயந்துகொண்டிருந்திருக்கிறேன் என்று. போன பிள்ளைக்கு மண்டை ஓடு உருவாகாமல் போனது போல அடுத்ததற்கும் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, பெரும்பாலும் நல்லபடியாகவே பிறக்கும், ஆனால் முன்னால் ஒரு தடவை அப்படி ஆனவர்களுக்கு மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதல் ஆபத்து உண்டாம். அந்த ஆபத்தைப் பெரிய அளவு குறைக்கிறதுதான் அந்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையாம். நாள் தள்ளிப் போய்விட்டது என்று ஒரு பெண்ணுக்குத் தெரிகிறதற்குள்ளேயே உள்ளே தலையும் முதுகுத்தண்டும் உருவாக ஆரம்பித்துவிடுமாம். தெரிந்த பிறகு தொடங்கினால் பாதி வேலை முடிந்திருக்கும். நாம் பூண்டு ஊன்றின பிறகா அடியுரம் போடுகிறோம், மண்ணைக் கிளறும்போதே போடுகிறோம், அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். சொன்னேன். சிரித்துவிட்டுச் சரிதான் என்றார்கள். ஆகவே குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்னாலிருந்தே போட வேண்டுமாம். கடையில் சும்மா கேட்டு வாங்குகிற சின்ன அளவு உனக்குப் போதாது, உன் விஷயம் தெரிந்த டாக்டர் எழுதித் தருகிற பெரிய அளவுதான் வேண்டும், கூடுதல் நல்லது என்று நீயாக இரண்டு மூன்று போடவும் கூடாது.

இப்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றேனே, அந்த இடம். தரையைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன், நீயும் தரையைப் பார்த்துக்கொண்டு படி. வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல், மாத்திரையும் இல்லாமல், தடுப்பும் இல்லாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமாம். டாக்டரம்மா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "வேணும்னா மாத்திரை. வேணாம்னா தடுப்பு. ரெண்டுக்கும் நடுவுல மட்டும் நிக்க வேணாம்னு சொல்லுங்க." முதலில் ஒரு பரிசோதனை செய்து இப்போது வயிற்றில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். இருந்தால் பயப்படாமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், மாத்திரையை அன்றைக்கே தொடங்கலாம், ஸ்கேனைச் சீக்கிரமே பார்க்கலாம், எல்லாம் முடிந்துபோனதாக நினைக்க வேண்டாம். இல்லையென்றால் நீ முடிவு சொல்கிற வரைக்கும் தடுப்பு. அது எந்த வகை என்பதை உன் டாக்டரிடம் கேள், என்னிடம் அவர்கள் நாலு வகை சொன்னார்கள், நான் நாலுக்கும் தலையாட்டினேன், ஒன்றும் மனசில் நிற்கவில்லை, நிற்காததற்குச் சந்தோசம்.

நீ என்னிடம் கேட்காத ஒன்றையும் நான் அவர்களிடம் கேட்டேன். கலைத்ததால் கர்ப்பப்பை கெட்டுப்போயிருக்குமோ, இனி தங்காதோ என்று. உன் அம்மாவுக்கு அந்தப் பயம் உண்டு, உனக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் முறையாகச் செய்தது என்றால் அதனால் அடுத்த பிள்ளைக்குக் கெடுதல் கிடையாது, அதை மனசிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று அழுத்திச் சொன்னார்கள். ரத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். உன் அத்தைகளுக்குச் சர்க்கரை இருப்பதால் அதைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையும் சிகரெட்டை விட வேண்டுமாம். நான் பீடியை விட்ட மாதிரி இல்லாமல் நிஜமாகவே விடட்டும். உடம்பு தேறிவிட்டது, மனசு தேற எவ்வளவு நாள் என்று கேட்டேன். அதற்கு மாத்திரை இல்லை, அவங்களாகச் சொல்லட்டும், யாரும் தேதி குறிக்க வேண்டாம் என்றார்கள்.

சாயங்காலம் வீடு வந்தேன். உன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள், காலையில் நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே நிற்கிற மாதிரி. நீ சாப்பிடவில்லை என்று சொல்வதா, வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பதா என்று பஸ்ஸில் வரும் வழி பூராவும் யோசித்தேன். அவள் மாதக் கணக்கில் குமைந்து, முட்டி வலியோடு நடந்து, விதையில் கை வைத்துச் செய்ததை நீ குப்பையில் போட்டாய் என்று எப்படிச் சொல்வது. அவள் கண்ணைப் பார்த்ததும் சமாளிக்கிறது எல்லாம் மறந்துவிட்டது. சொல்லிவிட்டேன். மாத்திரை பற்றியும் நீ வேண்டுமா வேண்டாமா என்று நிற்பது பற்றியும் சொல்லவில்லை, அது நீ சொன்னால் சொல்ல வேண்டியது. லேகியத்தை மட்டும் சொன்னேன். அவள் அப்படியே கீழே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள். "நல்லவேளை, பிள்ளைக்கு எம்மேல கோவம் இருந்துச்சு. இல்லேன்னா தின்னுருப்பா." எழுந்துபோய் உலை வைத்தாள்.

தேவசேனா, இதைத்தான் நான் நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். நீ கோபத்தில் ஒன்றை வேண்டாம் என்றாய், அது உன்னைக் காப்பாற்றிவிட்டது. எங்களுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று ஒன்றைச் சரி என்றாய், அது உன்னை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. சின்ன வயசிலிருந்தே நீ எங்கள் மனசு கோணாமல் பேசுகிற பிள்ளை, அதில் எங்களுக்குப் பெருமை வேறு. இந்த ஒரு விஷயத்தில் அந்த நல்ல பேர் உனக்கு வேண்டாம். மாப்பிள்ளையிடம் பேசு. அவர் கெட்டவர் இல்லை, வாய் திறக்காதவர், என்னைப் போல் பேசிப் பேசி ஒன்றும் சொல்லாதவர் இல்லை, பேசாமலே ஒன்றும் சொல்லாதவர். அவருக்கும் அந்தப் பிள்ளை போனது போனதுதானே. நீ சரி என்று சொன்னது அவருக்காகச் சொன்னது என்று தெரிந்தால் அவர் கட்டாயப்படுத்துகிற ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் தப்பாக எடை போட்டிருந்தால், அவர் முகம் கோணினால், எனக்குச் சொல், நான் ரயிலேறி வருகிறேன். இந்தி தெரியாது என்று யோசிக்க மாட்டேன், தமிழே பாதிதான் தெரியும்.

உன் மாமியார் விசாலாட்சியம்மா போன வாரம் பழநி அடிவாரத்துக் கடையைப் பூட்டிவிட்டு மலை ஏறி இங்கே வந்திருந்தார்கள். வாழைப்பழமும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்து, அடுத்த தைப்பூசத்துக்குள் பேரன் வந்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எல்லாம் கரு தானாகக் கலைந்தது என்பது மட்டும்தான், நானும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். அன்றைக்கு நான் பழத்தை உரித்துக்கொண்டு சிரித்துவிட்டு இருந்துவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை பழநிக்கு உரம் வாங்கப் போகிறேன். கடைக்குப் போய், சம்பந்தியம்மா, பிள்ளைக்கு உடம்பும் மனசும் தேறட்டும், அதுவரை தேதி எதுவும் வாயில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு வருவேன். அவர்கள் கோபித்துக்கொண்டால் பஞ்சாமிர்தம் வராது, அவ்வளவுதானே, எனக்கும் சர்க்கரை வராது.

மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. மழை இல்லை, பனி மட்டும் விடியும்வரை கிடக்கிறது. பெரிய பூண்டு போனதால் இந்த வருசம் சின்னதைத்தான் ஊன்றப் போகிறோம். மீதிப் பவுடரைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பரணுக்குக் கீழே பழைய விறகடுப்பை மறுபடி பூசச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு என்ன எழுதுறீங்க என்று கேட்கவில்லை. தானும் ஒன்று சொல்லணும் என்றாள், சொல் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவ போன் வந்தா நான் எடுக்கட்டுமான்னு மட்டும் கேளுங்க என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அதற்கும் உன் பதிலை எழுது. எடுக்க வேண்டாம் என்றால் அதையும் எழுது, நான் சொல்லிக்கொள்கிறேன்.

நீ உடம்போடும் மனசோடும் நிறைவாக இருக்க வேண்டும். பெற்றவர்கள் கடைசியில் எழுதுகிற பிள்ளைகுட்டி ஆசீர்வாதத்தை இந்தத் தடவை எழுதவில்லை, மறதி இல்லை, வேண்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். நீ கேட்கிற அன்றைக்கு எழுதுவேன், கேட்கவே இல்லையென்றாலும் உன் மேல் எனக்கு ஆசீர்வாதம் குறையாது. கடிதம் கையில் கிடைத்த அன்றே அந்தப் பரிசோதனையைச் செய்துவிடு, மறுநாளுக்கு வைக்காதே. பிறகு எனக்குப் போன் போடு, நான் கோயில் மேட்டில் தனியாக நிற்கும்போது எடுப்பேன். நான் எழுதினது எல்லாவற்றுக்கும் சரிப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. வேறு எதை வேண்டுமானாலும் சொல்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
நல்லுசாமி.